மூலை வீட்டு நடைபாதை

ஒரு ஊரில ஒரு மூலை வீடு இருந்துதாம், குஞ்சு. பனி கொட்டுற ஊர். அந்த வீட்டை ஆசை ஆசையா வாங்கினவர் குகதாசன் எண்டு ஒருத்தர். மூலை வீடெண்டா நல்ல வெளிச்சம், ரெண்டு பக்கமும் ரோட்டு. ரெண்டு பக்கமும் ரோட்டெண்டா ரெண்டு பக்கமும் நடைபாதை எல்லோ? அதை மனுசன் யோசிக்கேல்லை. கேக்கிறியே? ம் சொல்லு.

மார்கழியில ஒருநாள் விடிய எழும்பிப் பாத்தா, பொசு பொசுவெண்டு ஸ்நோ! முழங்கால் மட்டுக்கு! அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் ஸ்நோ அள்ளுற சவளோட இறங்கி, சரக் சரக்கெண்டு தங்கட தங்கட வாசலை வழிக்குதுகள்.

அப்ப அவரின்ரை மனுசி சுகிர்தா சொன்னா, "இஞ்சேருங்கோ, எங்கட வாசலையும் வழியுங்கோவன். ஆரும் விழுந்திடப் போயினம்."

"வீடுதான் எங்கட. நடைபாதை நகரசபையின்ரை. அவங்கள் வந்து வழிப்பாங்கள்" எண்டுபோட்டு, குகதாசன் இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திட்டார்.

நகரசபை வந்துதே? வரேல்லை. அந்த ஊர்ச் சட்டம், அவையவை வீட்டு முன்னுக்கு அவையவைதான் வழிக்கோணும்.

அடுத்த நாள், "வெயில் வரும், தானா உருகும்" எண்டார். சூரியன் ஒருக்கா எட்டிப் பாத்திட்டு ஓடிட்டுது. போற வாற சனம் மிதிச்சு மிதிச்சு, ஸ்நோ கல்லாப் போச்சு.

பிறகு மூண்டாம் நாள், மனுசன் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, பானை நிறையத் தண்ணி கொதிக்க வைச்சு, கொண்டுபோய்ச் சொய்ய்ய் எண்டு ஊத்தினார். ஆவி குபுகுபுவெண்டு எழும்பிச்சுது. "பாத்தீரோ சுகிர்தா?" எண்டு மீசையைத் தடவிக்கொண்டு வந்து தேத்தண்ணி குடிக்க இருந்தார். அவர் குடிச்சு முடிய முன்னம், ஊத்தின தண்ணி உறைஞ்சு, நடைபாதை முழுக்க முகம் பாக்கிற கண்ணாடி!

நித்திரையே? இல்லையே? சரி.

அந்தத் தெருவில வில்மா அன்ரி எண்டு ஒரு வயசான மனுசி இருந்தா. ஜமேக்காக்காரி. பொல்லூண்டித்தான் நடப்பா. ஆஸ்பத்திரியில கிடக்கிற புருசனைப் பாக்க ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்குப் போவா. அண்டைக்கு மூலை வீடு வரைக்கும் வந்தவ, அந்தக் கண்ணாடியைக் கண்டு பயந்துபோய், ரோட்டில இறங்கிட்டா.

அப்ப டுர்ர்ர்ர் எண்டு, ஸ்நோ தள்ளுற பெரிய லொறி வருகுது!

குகதாசன் ஜன்னலால இதைக் கண்டார். கோப்பையைப் போட்டிட்டு, இடுப்பில கட்டின சாரத்தோட, "அன்ரி! அன்ரி!" எண்டு ஓடினார். நடைபாதையில கால் வைச்சாரோ இல்லையோ, சர்ர்ர்ர்... பொத்! வழுக்கிக்கொண்டே போய் ரோட்டில மல்லாக்கக் கிடந்தார். லொறிக்காரன் சாரத்தைக் கண்டிட்டுக் கிரீச்செண்டு பிரேக் போட்டான். அன்ரிக்கு ஒரு கீறலும் இல்லை.

லொறிக்காரன் இறங்கி வந்து, "இது ஆரின்ரை வாசல்?" எண்டு கத்தினான்.

குகதாசன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். அன்ரி பொல்லை நீட்டி, "இதைப் பிடிச்சு எழும்பு தம்பி. நல்லா நொந்திட்டுதே?" எண்டா. அவ ஏசேல்லை. ஏசியிருந்தா அவருக்குக் கொஞ்சம் சுகமா இருந்திருக்கும்.

அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் அந்த ஐஸைக் கொத்தினார். டக், டக், டக்! இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு உப்பை அள்ளி விசிறினார். சுகிர்தா இடுப்புக்கு ஒத்தணம் குடுத்தா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அடுத்த கிழமை திரும்பவும் ஸ்நோ. குகதாசன் வெள்ளென எழும்பி, சவளோட கதவைத் திறந்தா, வெளியில சரக், சரக்! ஆரெண்டு பாத்தா, வில்மா அன்ரி! ஒரு கையில பொல்லு, மற்றக் கையில விளக்குமாறு. அவரின்ரை வாசலைக் கூட்டிக்கொண்டு நிக்கிறா!

"உனக்கு இடுப்பு நோகுதெல்லோ, தம்பி. அதுதான்."

"ஐயோ அன்ரி, விடுங்கோ! ஆரைக் கேட்டுக் கூட்டுறியள்? இது என்ரை நடைபாதை! நான்தான் வழிப்பன்!"

தெரு முழுக்கக் கேட்டுதாம்.

கதையும் படுத்திட்டுது. நீயும் படு, குஞ்சு.