மீதி வைத்த ஃபலாஃபல்

கடவுளைத் தேடுகிறவனுக்கு ஒரு குரு வேண்டும் என்பார்கள். நல்ல பஜ்ஜியைத் தேடுகிறவனுக்கும் வேண்டும். பூவராகனுக்கு வாய்த்த குரு ஆட்டோ ஓட்டினாள்.

பூவராகன் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் சங்கிலி பிடித்து அளந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள், சிலர் பூங்காவில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவார்கள். இவருக்கு அந்த இரண்டிலும் நாட்டமில்லை. சென்னையில் எந்தத் தெருவோரத்தில் எது ருசி என்று ஒரு கணக்கெடுப்பு நடத்திவிடுவது என்று கிளம்பிவிட்டார். சைவ அயிட்டம் மட்டும். உடம்பில் சர்க்கரை வேறு இருந்தது. வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் ராயபுரத்தில் ரூபாவதியின் ஆட்டோவில் ஏறி, இந்தப் பக்கம் நல்ல கடை எது என்று கேட்டார். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பதில் சொல்லாமல் போர்டுகூட இல்லாத ஒரு தள்ளுவண்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே தின்ற மிளகாய் பஜ்ஜியைப் பற்றி அவர் ஒரு வாரம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த முறை பார்த்தபோது, நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று விசாரித்தார்.

"எதிர்க்கடைக்காரன் எங்க துன்றான்னு பாருங்க சார். அவ்ளோதான்."

அன்றிலிருந்து அவள் அவருக்கு வாத்தியாரம்மா. முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். போகப் போக அது நிஜமாகிவிட்டது. அறுபத்தொரு வயது மனிதர், தன்னைவிட இருபத்து மூன்று வயது இளையவளிடம் பின் சீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டு போனார். அதில் அவருக்குக் கூச்சமும் இல்லை.

அவள் சொன்ன இரண்டாவது பாடம், முதல் கடையிலேயே வயிற்றை ரொப்பிக்கொள்ளக் கூடாது என்பது. ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். வினை அங்கேதான் பிடித்தது.

அளவைக்காரர் கையில் கிடைத்தால் பேச்சுவாக்கும் சட்டமாகிவிடும் அல்லவா? பூவராகன் அதைச் சட்டமாக்கினார். ஒரு சாயங்காலத்துக்கு ஆறு கடை. கடைக்கு ஒரே ஒரு கடி. கடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார், நோட்டை எடுப்பார், பத்துக்கு இவ்வளவு என்று எழுதுவார், மீதியை அப்படியே வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். நல்லதாகப் பட்ட கடைக்கு இன்னும் இரண்டு தடவை வருவார். எதையும் மூன்று முறை அளக்காமல் முடிவு சொல்லக் கூடாது என்பது அவர் இலாகாப் பழக்கம். அளந்து முடியும்வரை நிலத்துக்காரரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் அதே பழக்கம். வாயைத் திறந்தால் காபி வரும், காபி வந்தால் கோடு கோணும் என்பார். அதனால் எந்தக் கடைக்காரரிடமும் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ரூபாவதி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"மீதிய இன்னா பண்ணுவீங்க சார்?"

"வைத்துவிட்டு வந்துவிடுவேன்."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். எதையோ சொல்ல வந்தவள், வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டாள்.

மீராசாவின் கடையைப் பூவராகன் தானாகவேதான் கண்டுபிடித்தார். அதுதான் அவருக்குப் பெருமை. மண்ணடியில் ஒரு தெருமுனையில், நான்கு சக்கரத் தள்ளுவண்டி. மீராசா கடையநல்லூர்க்காரர். குவைத்தில் ஒரு ஜோர்டான்காரர் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அங்கே கற்றுக்கொண்ட ஒரே பண்டத்தோடு நாடு திரும்பியவர். அந்தப் பண்டம் ஃபலாஃபல். கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப் போட்டு, வேக வைக்காமல் கொரகொரவென்று அரைத்து, மல்லித்தழையும் பூண்டும் சீரகமும் சேர்த்துப் பொரிப்பது. நம்ம மசால் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு மூன்று உருண்டை, மேலே கொஞ்சம் எள்ளு விழுது.

பூவராகன் ஒன்றை எடுத்துக் கடித்தார். மேலே மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே மல்லித்தழை நிறம் பச்சைப் பசேலென்று தெரிய, ஆவி பறந்தது. அவர் கண்ணை மூடினார், திறக்கக் கொஞ்ச நேரமாயிற்று. இரண்டாவது கடிக்குக் கை தானாகப் போனது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். பத்துக்குப் பத்து. அதுவரை யாருக்கும் எட்டரைக்கு மேல் போட்டதில்லை. அடுத்த வாரம் வந்தார், அதே பத்து. அதற்கடுத்த வாரமும் வந்தார், அப்போதும் பத்துதான். மூன்று முறையும் ஒரு கடி, மீதி தட்டில். மூன்று முறையும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, அளவைக்காரர் முகம்.

பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்து நூற்றுப்பதினெட்டுக் கடைகளுக்கும் வரிசை எண் போட்டார். முதல் இடத்துக்கு மட்டும் ஒரு அட்டை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டார். மீராசா பெயரும் பத்துக்குப் பத்தும் தங்க நிற எழுத்தில் இருந்தன. அதைக் கொடுக்கும்போது வாத்தியாரம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. குரு காட்டாத கடையைச் சிஷ்யன் கண்டுபிடித்திருக்கிறான் என்று அவள் பார்க்க வேண்டாமா?

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் ஆட்டோவிலேயே போனார்கள். வழியெல்லாம் அவர் ஃபலாஃபல் பெருமையை ஓயாமல் பேசினார். உள்ளே பச்சைப் பசேலென்று இருக்கும், பாருங்கள், பாருங்கள் என்று நாலு தடவை சொன்னார்.

மீராசா பூவராகனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு தட்டு வந்தது. பூவராகன் ஆசையோடு கடித்தார். கடித்தவர் அப்படியே நின்றார். உள்ளே பச்சை இல்லை. பழுப்பாக, மாவு மாவாக இருந்தது. பூண்டு வாசனையும் இல்லை, ஏதோ பொடி வாசனை. கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இது அது இல்லையே," என்றார்.

மீராசா தலையை ஆட்டினார். இது பாக்கெட் மாவு என்றார். தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் போதும், ஒரே மாதிரி வரும், யாரும் குறை சொல்வதில்லை என்றார். அவர் குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"ஏன் மாற்றினீர்கள்?"

மீராசா அடுப்பைத் தணித்தார். சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது.

"நீங்க மூணு தடவ வந்தீங்க. மூணு தடவையும் ஒரு கடி கடிச்சிட்டு வச்சிட்டுப் போனீங்கள்லா சார்."

பூவராகனுக்கு முதலில் புரியவில்லை.

பிறகு மீராசா மெல்லச் சொன்னார். நோட்டு வைத்திருக்கிறவர் சாப்பாட்டு விஷயத்தில் பெரிய ஆள், ஊர் பூராவும் ருசி பார்க்கிறவர் என்று பக்கத்துக் கடைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டாராம். மீராசா வீட்டில் தட்டில் மீதி வைத்தால் பெற்ற உம்மா முகம் வாடிப்போகும், அப்படி வளர்ந்தவர் இவர். முதல் தடவை, ஐயாவுக்கு வயிறு சரியில்லை போலும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் தடவை உறக்கம் வரவில்லை. மூன்றாம் தடவை பூவராகன் தெரு திரும்பியதும், அந்தத் தட்டில் இருந்ததை எடுத்து இவரே தின்று பார்த்தார்.

"என்ன கொறன்னு எனக்குத் தெரியல சார். தெரியலன்னா அது என் நாக்குல உள்ள கொறதான?"

பூவராகன் அவசரமாகப் பையைத் திறந்தார். நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். பத்து, பத்து, பத்து. சட்டம் போட்ட அட்டையையும் எடுத்து நீட்டினார். நான் மனசுக்குள் கொண்டாடிக்கொண்டிருந்தேன், என் வாழ்நாளில் அப்படி ஒன்றைத் தின்றதில்லை என்று என்னென்னவோ சொன்னார். மூன்று வாரம் வாயில் வராதது எல்லாம் அப்போது வந்தது. என்ன பிரயோஜனம்?

மீராசா கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். தன் பெயரை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிற்று. கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது அந்தக் கடைக்குள்ளது சார். இந்தக் கடைக்கு இல்ல."

நாளைக்கே பழையபடி அரையுங்கள், நான் தினமும் வருகிறேன், தட்டை வழித்துச் சாப்பிடுகிறேன் என்று பூவராகன் கெஞ்சினார். சர்க்கரை எக்கேடு கெட்டுப் போகட்டும் என்றார். மீராசா சிரிக்க முயன்றார்.

"ரெண்டு தடவ ஊறப் போட்டேன் சார், போடாம இல்ல. அரைச்சு வாயில வச்சா உங்க மொகந்தான் வருது. இன்னும் உப்பா, இன்னும் பூண்டா, எது இல்லன்னு தேட ஆரம்பிச்சிருதேன். முன்ன எல்லாம் கை தானா போடும். இப்ப கை என்னையக் கேக்குது."

பூவராகனால் அங்கே நிற்க முடியவில்லை. பதினோரு வருஷம் அடுப்படியில் வெந்து கற்றதை மூன்று கடியில் அழித்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். தன் தட்டை வண்டி ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் ரூபாவதியைப் பார்த்தார்.

அவள் இவ்வளவு நேரமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று உருண்டையும் ஆகிவிட்டது. தட்டில் இருந்த எள்ளு விழுதை விரலால் வழித்து நக்கினாள். பிறகு கையை நீட்டிப் பூவராகன் வைத்த தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் கடித்து வைத்த பாதியைக்கூட ஒதுக்கவில்லை. நின்று நிதானமாக அதையும் தின்று முடித்தாள். இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மீராசா கையில் கொடுத்து, வர்றேண்ணா என்றாள். மீராசா வெறுமையாக இருந்த அந்தத் தட்டுகளைப் பார்த்தார். நாளைக்கு வாங்கம்மா என்றார்.

ஆட்டோ கிளம்பியது. அட்டை பூவராகன் மடியில் கிடந்தது. தங்க எழுத்து கண்ணைக் குத்தியது, குப்புறத் திருப்பி வைத்தார்.

"தப்பு என் மேலயும் இருக்குது சார்," என்றாள் ரூபாவதி. "மீதிய இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டன் பாருங்க, அன்னைக்கே சொல்லிருக்கணும். உங்க வயசுக்கு மருவாதி குடுத்து வாய மூடிக்கினேன்."

அந்த மனிதர் திரும்ப அரைப்பாரா என்று பூவராகன் கேட்டார். தெரியாது என்றாள். என்ன செய்தால் அரைப்பார் என்று கேட்டார். அதற்கும் தெரியாது என்றாள். பொய் ஆறுதல் சொல்லத் தெரியாதவள் அவள்.

பாரிமுனை நெரிசலில் வண்டி நின்றது. பூவராகனுக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. முன்னால் சாய்ந்து கேட்டார்.

"வாத்தியாரம்மா, அது நன்றாகவே இல்லை. என்னைவிட உங்களுக்கு அது நன்றாகத் தெரியும். உங்கள் தட்டு போதாதென்று என் எச்சிலையும் சேர்த்து ஏன் சாப்பிட்டீர்கள்?"

ரூபாவதி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை வண்டியை நகர்த்தவில்லை.

"அவுரு பாத்துனு இருந்தாரு சார்."