கரிச்சான் நிறுத்தி வைத்த சேதி

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அதன் மண்கரையைக் காத்து வந்தது வயதான பெண்யானை ஒன்று. கரையில் எங்காவது நீர் கசிந்தால் அது வந்து காலால் மிதித்து மண்ணை இறுக்கிவிடும். காட்டில் எல்லோரும் அதைப் பெரியம்மா என்றே கூப்பிட்டார்கள்.

கரையோர நாணலில் ஒரு நீர்க்கோழி குடியிருந்தது. எதையும் ஒருமுறை சொல்லி நிறுத்த அதற்குத் தெரியாது. "பெரியம்மா, கரை கசியுது" என்று ஓடி வரும். யானை போய் மிதித்துவிட்டுத் திரும்பி ஒரு கவளம் மூங்கில் தழை தின்பதற்குள், "பெரியம்மா, கரை கசியுது" என்று மறுபடி வந்து நிற்கும். போய்ப் பார்த்தால் பழைய ஈரமாக இருக்கும். நீர்க்கோழியின் சத்தம் கேட்டுத் தவளை வரும். தவளையைப் பார்த்து நண்டு வரும். சொல்வது எல்லாம் அதே சேதி.

யானை இளைத்துப் போனது. "ஒரு வாய் தின்ன விடமாட்டேன் என்கிறார்களே. இவர்கள் வாய் ஓயவே ஓயாதா?" என்று அலுத்துக்கொண்டது.

கரிச்சான் குருவி அதைக் கேட்டது. "என்னிடம் விடுங்கள், பெரியம்மா. இனி எல்லாச் சேதியும் என் வழியாக வரட்டும். ஒரு சேதியை ஒருமுறை உங்களிடம் சொல்வேன். அதுவே திரும்ப வந்தால் பொழுது சாயும்வரை நிறுத்தி வைப்பேன்."

"செய்யப்பா. உனக்குப் புண்ணியமாகப் போகும்."

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. யானை வயிறாரத் தின்றது, நிம்மதியாகத் தூங்கியது. "கரிச்சானைப் போல உண்டா" என்று மான்கள்கூடப் பேசிக்கொண்டன. அதைக் கேட்கக் கேட்கக் கரிச்சானின் பிளந்த வால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. ஒரு காலை நீர்க்கோழி வந்து, "கரை கசியுது. மருதமரத்தடியில் சொட்டுது" என்றது. கரிச்சான் பறந்துபோய்ச் சொன்னது.

"சொட்டுத்தானே? சாயங்காலம் வந்து மிதிக்கிறேன்" என்றது யானை.

கொஞ்ச நேரத்தில் நீர்க்கோழி உடலெல்லாம் சேறாகத் திரும்பி வந்தது. "கரை கசியுது..."

"காலையிலேயே சொல்லியாச்சு."

"அப்போது சொட்டியது. இப்போது..."

"சேதி ஒன்றுதானே? பொழுது சாயட்டும், போ."

நீர்க்கோழி கரைக்கே திரும்பி ஓடியது. அடுத்துத் தவளை வந்தது. அதன் பின்னால் நண்டு வந்தது. மறுபடியும் நீர்க்கோழி வந்தது. 'கரை' என்ற சொல்லைக் கேட்டதுமே கரிச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உச்சிவேளையில் யானை கேட்டது. "ஏதாவது சேதி உண்டா?"

"புதிதாக ஒன்றுமில்லை, பெரியம்மா. நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்."

பொழுது சாயும் முன்பே மருதமரத்தடியில் கரை உடைந்தது. தண்ணீர் பள்ளத்தில் பாய்ந்தது. அங்கேதான் முயலின் வளை இருந்தது. தாய் முயல் குட்டிகளைக் கவ்விக் கவ்வி மேட்டில் சேர்த்தது. கடைசிக் குட்டிக்காகத் திரும்பியபோது வளை இருந்த இடமே தெரியவில்லை.

யானை ஓடி வந்தது. மண்ணைத் தள்ளி, கல்லை உருட்டி, உடைப்பை அடைத்தது. பிறகு நீர்க்கோழியைப் பார்த்தது.

"கரையிலேயே கிடக்கிறாய். ஓயாமல் கத்துகிறவள் இன்றைக்கு மட்டும் ஏன் சும்மா இருந்தாய்?"

எல்லோரும் நீர்க்கோழியைப் பார்த்தார்கள். அது தலையைக் குனிந்துகொண்டது.

கரிச்சான் கிளையில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறக்காவிட்டால் பழி நீர்க்கோழியோடு போய்விடும் என்று அதற்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அது திறக்கவும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துத்தான் பின்னாளில் அது அதிகம் கூசியது.

கடைசியில் இறங்கி வந்து சேற்றில் நின்றது. "அவள் சும்மா இருக்கவில்லை, பெரியம்மா. வந்தாள். தவளையும் நண்டும்கூட வந்தார்கள். நான்தான் நிறுத்தி வைத்தேன்."

"எத்தனை முறை வந்தார்கள்?"

"தெரியாது. நான் எண்ணவில்லை."

"நான் கேட்டபோது ஒன்றுமில்லை என்றாயே."

"புதிதாக ஒன்றுமில்லை என்றேன்" என்று சொல்ல வந்த கரிச்சான், தாய் முயலைப் பார்த்ததும் அந்தச் சொல்லை விழுங்கியது. நனைந்த குட்டிகளை நக்கிக்கொண்டிருந்த முயல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்றது கரிச்சான்.

யானை நீர்க்கோழியின் பக்கம் திரும்பியது. "உன்னைக் கடிந்துகொண்டது என் தப்பு. வாய் ஓயாதா என்று அலுத்தவளும் நானே." பிறகு கரிச்சானிடம், "வேலையை விட்டு ஓடினால் முயலுக்கு என்ன ஆகப்போகிறது? இரு. தடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் கரையைப் பார்க்க உயிரோடு இருக்கமாட்டேன். ஆனால் தடுத்ததை எனக்குச் சொல்" என்றது.

அடுத்த மழையில் கரிச்சான் வந்து சொன்னது: "கரைச் சேதி, பெரியம்மா. காலையில் சொன்னதேதான். அதற்குப் பிறகு நீர்க்கோழி விடாமல் வருகிறாள். தவளையும் வந்துவிட்டான். எல்லோரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்."

யானை வாயிலிருந்த தழையைத் துப்பிவிட்டு நடந்தது. அன்று கரை நின்றது. மான்கள் கரிச்சானைப் புகழ வந்தன. அது கேட்க நிற்காமல் பறந்துவிட்டது.

வந்த சேதியே திரும்ப வந்தால் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தி வைத்ததை ஒருபோதும் மறைக்கக் கூடாது.