மீதி இரண்டு கேன்

2016 ஜூன் 9, காலை பத்து மணி. ஆறு கேன்களோடு பவுனம்மாளைத் தாசில்தார் முன் நிறுத்தினார்கள். பழ மண்டியில் கூட்டிப் பெருக்குகிறவள். மண்டியில் அழுகிய மாம்பழத்தை ஊறவைத்துக் காய்ச்சி வடித்து, அதையே எரிபொருளாக ஊற்றித் தண்ணீர் மோட்டார் ஓட்டிவந்தாள்.

"சுத்தமான சாராயம் ஐயா," என்றார் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் தணிகாசலம். "குடிக்கக் காய்ச்சலைன்னு இவ இங்கேயே நிரூபிக்கட்டும். இல்லேன்னா ஜெயில்தான்."

சொல்லி முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் கழிப்பறைக்கு ஓடினார். அன்று காலையில் அது நான்காவது ஓட்டம்.

"நிரூபிக்க முடியுமாம்மா?" என்றார் தாசில்தார்.

"மோட்டார் தேயாம இருக்க ஒவ்வொரு கேன்லயும் விளக்கெண்ணெய் கலந்திருக்கேன் சாமி. குடிக்கிற சரக்குல எவளாவது அதைக் கலப்பாளா?"

"கலந்தேங்கறதுக்கு யாரு சாட்சி?"

"நேத்து எங்கிட்டப் பிடிச்சது எட்டு கேனு. இங்க ஆறுதான் நிக்குது," என்றாள் பவுனம்மாள், வாசலைப் பார்த்தபடி. "மீதி ரெண்டும் இப்பத்தான் சாட்சி சொல்லப் பின்பக்கம் ஓடுச்சு சாமி."

தாசில்தார் சிரிப்பை அடக்க முடியாமல் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

2017 ஜூன் 12 அன்று, தாசில்தார் சொன்னபடி பவுனம்மாளின் மோட்டார் தாலுகா அலுவலகக் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றத் தொடங்கியது.