தவசிமுத்துவின் ஜீப்புக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

"மாட்டலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லும்மா" என்று கேட்டார் தவசிமுத்து.

கேட்டது புளோராவிடம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஜீப் பட்டறை வைத்திருப்பவள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு, கேட்டவருக்கு ஐம்பத்தைந்து. ஆனாலும் பத்து வருஷமாக, "நான் புளோராவுக்கு சிஷ்யன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர் அவர்தான். முதலில் விளையாட்டாகச் சொன்னார். போகப் போக அது நிஜமாகிவிட்டது.

அந்தப் பட்டறைக்கு ஒரு பேர் உண்டு. வேலை செய்து அனுப்புகிற வண்டியைவிட, கைவைக்காமல் திருப்பி அனுப்புகிற வண்டிதான் அங்கே அதிகம். புளோரா தானாக எதையும் சொல்ல மாட்டாள். கேட்டவன் வாயிலிருந்தே பதிலைப் பிடுங்காமல் விடவும் மாட்டாள். வருகிறவர்களில் பாதிப் பேர் எரிச்சலோடு போவார்கள். மறு வாரமே திரும்பி வருவார்கள்.

புளோரா ஜீப்பை எட்டிப் பார்த்தாள். முன் இருக்கையில் சாக்கு சுற்றிய சாமான் ஒன்று, கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய பெரிய மனிதர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அது என்ன?"

"சூப்பர்சார்ஜர்."

"அது என்ன செய்யும்?"

தவசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. இவளுக்கா தெரியாது? இருந்தாலும் சொன்னார்.

"எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் திணிக்கும். காத்து கூடப் போனா எண்ணெய் கூட எரியும். எண்ணெய் கூட எரிஞ்சா இழுவை கூடும்."

"இழுவை எதுக்குக் கூடணும்?"

அது அவளுக்குத் தெரியாததல்ல. அந்தப் பக்கத்தில் யாருக்குமே தெரியாததல்ல.

தவசிமுத்துவின் ஊர் முப்பனைவிளை. ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே நாலு மைல் தேரி. செக்கச்செவேல் என்று மணல் மேடு. ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் நேற்றிருந்த தடம் இன்றைக்கு இருக்காது. ஊரில் முப்பது வீடு. மணலில் போகிற வண்டி ஒன்றே ஒன்று, தவசிமுத்துவின் ஜீப்.

போன ஆடியில் பனையேறி பொன்னுலிங்கத்தை விரியன் கடித்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பாதி வழியில், குருசு மேட்டு வளைவில் ஜீப் மணலில் புதைந்தது. வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. தார்ச்சாலை கண்ணில் பட்டபோது பொன்னுலிங்கம் இல்லை.

"எஞ்சின்ல இழுவை பத்தல" என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார் தவசிமுத்து. "இந்த எஞ்சினை நம்பி இனி ஒரு உசுரை ஏத்த மாட்டேன்."

சொன்னபடியே ஜீப்பைத் தார்ப்பாய் போட்டு மூடினார். அதற்குப் பிறகு பதினொரு மாதம், நோயாளியைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு மணலில் நாலு மைல் நடந்தது ஊர்.

கடைசியில் யாரோ போனில் ஒரு படம் காட்டினார்கள். ஒரு ஜீப் மணல் மேட்டில் ஆடு மாதிரித் தாவி ஏறியது. சூப்பர்சார்ஜர் மாட்டிய ஜீப்பாம். "இது இருந்தா ஓட்டுவீரா?" என்று ஊர் கேட்டது. "இருந்தா ஓட்டுவேன்" என்றார். வீட்டுக்கு ஒரு சிப்பம் கருப்பட்டி கொடுத்தார்கள். விற்றுச் சாமானை வாங்கியாயிற்று. பொன்னுலிங்கத்தின் பெண்டாட்டி ராஜகனி மட்டும் இரண்டு சிப்பம் கொடுத்தாள். புருஷன் கடைசியாக இறக்கிய பதனீரில் காய்ச்சியது. பரணில் வைத்திருந்தாள்.

அந்தச் சாமான் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து தவசிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆடி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று காலை ஊர்க்காரர்கள் தள்ளிவிட்டுத்தான் ஜீப் மணலைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்திருந்தது.

"எதுக்குன்னு கேட்டேன்" என்றாள் புளோரா.

"உனக்குத் தெரியாதாம்மா?"

"ஏறுங்க. அந்த வளைவுக்குப் போவோம்."

"எதுக்கு?"

புளோரா பின்பக்கம் ஏறி, பலகையில் கால் நீட்டி மல்லாந்து படுத்துக்கொண்டாள். பொன்னுலிங்கத்தைக் கிடத்தியிருந்த அதே இடம்.

"என்னம்மா இது?"

"நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி."

தவசிமுத்து ஓட்டினார். தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கியது. இரண்டு மைலும் அவர் கண்ணாடியில் பின்னால் பார்க்கவேயில்லை.

குருசு மேட்டு வளைவில் ஜீப் முனகியது, திணறியது, நின்றது. அவர் மிதித்தார். செம்மண் பின்னால் வாரி அடித்தது. இன்னும் மிதித்தார். ஜீப் ஒரு சாண் கீழே இறங்கியது.

"சக்கரம் சுத்துதா?" என்று படுத்தபடியே கேட்டாள் புளோரா.

"சுத்துது."

"வேகமா?"

"வேகமாத்தான்."

"இன்னும் வேகமாச் சுத்தணுமா?"

தவசிமுத்துவின் கால் பெடலிலிருந்து தானாக இறங்கியது. எஞ்சின் அணைந்தது. பனை ஓலைகள் காற்றில் உரசிக்கொள்வது மட்டும் கேட்டது.

"கூர்மையா ஏதாச்சும் வச்சிருக்கீங்களா அண்ணாச்சி? ஆணி, ஊசி?"

"இல்ல."

"அன்னைக்கும் இல்லையா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புளோரா குதித்து இறங்கினாள். சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தாள். முன் சக்கரத்தருகே குந்தி, காற்றடிக்கிற வாயின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த முளையை ஆணியால் அழுத்தினாள். உஸ்ஸென்று காற்று வெளியேறியது. கல்லாக இருந்த டயர் மெல்லத் தளர்ந்து, மணலில் அகலமாகப் படிந்தது. போதும் என்று பட்டதும் மூடியைப் போட்டுவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. நாலு சக்கரத்துக்கும் முன்னால் இருந்த மணலைக் காலால் தள்ளிவிட்டாள்.

"இப்ப எடுங்க. மிதிக்காதீங்க. சும்மா எடுங்க."

எடுத்தார். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் தூக்குவது மாதிரி அவ்வளவு லேசாக வெளியே வந்தது ஜீப்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

தவசிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"பத்து நிமிசம்."

புளோரா ஆணியைத் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

அவர் இறங்கி மணலில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர், மீசை நரைத்தவர், பிள்ளை மாதிரி தேம்பினார்.

"இந்த வித்தை உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"தெரியும்மா. முப்பது வருசமாத் தெரியும். எத்தனை பேருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். அன்னைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் தார்ரோட்டுல பறக்கணும்னு காத்தை முறுக்கி அடிச்சிட்டுக் கிளம்பினேன். இங்க வந்து மாட்டிக்கிட்டு. ஒரு உசுரு போய்க்கிட்டு இருக்கு. அதுல வண்டிய நிறுத்தி, இறங்கி, சக்கரம் சக்கரமாக் குந்திக்கிட்டு இருக்கவா? காலு பெடல விட்டு வரலம்மா. பின்னால எல்லாரும் மிதி மிதின்னு கத்துதாங்க. மிதிச்சேன்."

"எல்லாருமா?"

தவசிமுத்து மணலை அள்ளினார். கையிலிருந்து அது ஒழுகித் தீர்ந்தது.

"ராஜகனி கத்தல" என்றார். "புருசன் தலைய மடியில வச்சிருந்தா. கொண்டையில இருந்து ஊசிய உருவி என் தோளுக்கு மேல நீட்டினா. 'அண்ணாச்சி, காத்தை இறக்குங்க'ன்னு சொன்னா. நான்..."

அவர் இன்னொரு பிடி மணலை அள்ளினார்.

"'வாய மூடுட்டி'ன்னு கத்தினேன். கையத் தட்டிவிட்டேன். ஊசி மணல்ல விழுந்துட்டு."

காற்று வீசியது. ஜீப் தோண்டிய நாலு குழியிலும் ஓரத்து மணல் சரிந்து நிறைந்துகொண்டிருந்தது.

"இதை எதுக்கு என்கிட்டச் சொல்லுதீங்க?" என்றாள் புளோரா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தார்ச்சாலைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"யம்மா, கொண்டு விடுதேன். ரெண்டு மைலு இருக்கு."

"நடந்துக்கிடுதேன்."

"அப்ப சாமானு? மாட்டவா வேண்டாமா, அதைச் சொல்லலையே?"

"கழத்துறதும் மாட்டுறதும்தான் என் சோலி. மாட்டவான்னு கேக்கவேண்டிய ஆளு நான் இல்ல" என்றாள், திரும்பாமலே.

தவசிமுத்து வெகுநேரம் அங்கேயே இருந்தார். ஜீப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் கேள்வி. பட்டறைப் பக்கம் போனால் கெஞ்சிக் கூத்தாடி அந்தச் சாமானை இன்றைக்கே மாட்டிவிடலாம். ஊருக்குள் விசிலடித்துக்கொண்டு நுழையலாம். ஊரே கைதட்டும்.

ஊர்ப்பக்கம் திருப்பினார்.

ராஜகனி விடிலியில் இருந்தாள். விடிலி என்றால் கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக் கொட்டகை. இன்னொருவர் இறக்குகிற பதனீரைப் பங்குக்கு வாங்கிக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாகு கொதித்தது. அந்த நேரத்தில் துடுப்பை விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது. அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

அவர் குனிந்து உள்ளே வந்து நின்றார். வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அகப்படவில்லை.

"ராஜகனி. எஞ்சின்ல குறை ஒண்ணும் இல்ல."

துடுப்பு ஒரு சுற்று வந்தது.

"தெரியும்."

"ஊருக்கு முன்னால பொய் சொன்னேன்."

"தெரியும் அண்ணாச்சி. நானும் கூட்டத்துலதான இருந்தேன்."

"பிறவு ஏன் ஒரு வார்த்தை பேசல? என் முகத்துல காறித் துப்பியிருக்கலாம்லா?"

"துப்பணும்னுதான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை.

"அப்ப எதுக்குக் கருப்பட்டியக் குடுத்த? அது அவன் கடைசியா இறக்கின பதனீரு. அதைப் போய், நான் சொன்ன பொய்க்கு..."

ராஜகனி பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்தாள். சட்டியை இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புகை அவள் கண்ணிலும் இருந்தது, அவர் கண்ணிலும் இருந்தது.

"பங்குனியில நிறைமாசமா இருந்த சந்திராவக் கட்டில்ல தூக்கிட்டுப் போனோம். வலி எடுத்துட்டு. நாலு மைலு. நானும் ஒரு கட்டில் காலு பிடிச்சேன். குருசு மேட்டுல வச்சு அவ என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'அக்கா, அண்ணாச்சி வண்டி எங்கக்கா'ன்னு கேட்டா."

தவசிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தச் சாமானு இருந்தாத்தான் சீட்டுல ஏறுவேன்னு நீங்க சொன்னீங்க. நீங்க ஏறணும்லா."

அடுப்பில் ஒரு மட்டை வெடித்தது.

"சாயங்காலம் ஊரைக் கூட்டி எல்லாத்தையும் சொல்லிருதேன்" என்றார் அவர்.

"சொல்லுங்க."

"அந்தச் சாமானை வித்து, அவங்கவங்க வீட்டுக்குத் திருப்பிக் குடுத்துருதேன்."

"குடுங்க."

"வேற என்ன செய்யணும் ராஜகனி? சொல்லு. நீ என்ன சொன்னாலும் செய்யுதேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பதினொரு மாதத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

கையை முந்தானையில் துடைத்தாள். பின்னால் கொண்டுபோனாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. ஊசியை அவர் பக்கம் நீட்டினாள்.

இந்தத் தடவை தவசிமுத்து வாங்கிக்கொண்டார்.