புறவாசல் வரைக்கும் ஒரு கோடு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் ஞானப்பூ அம்மா. மூன்று வருஷத்துக்கு முன், பங்குனி மாசம், எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தார். அவர் செருப்பை யாரோ காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். தடவித் தடவிப் பார்த்து அலுத்துப்போய், "இப்படித்தான் உலகம்மைக்கும் செய்தாங்க" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

ராஜாக்கள் குதிரையில் போன காலம். கரிசல் பூமியில் ஒரு ஊர். அந்த ஊரில் பூதலிங்கம் என்று ஒரு பருத்தி வியாபாரி. அவர் மனைவி காந்திமதி. வளர்ந்த மகன் ஆதிமூலம். இவர்களோடு பூதலிங்கத்தின் அக்கா உலகம்மையும் இருந்தாள். அவளுக்குக் கண் மங்கிப்போயிருந்தது. வெயிலும் நிழலும் தெரியும். ஆள் தெரியாது, படி தெரியாது, வழியில் கிடக்கிற பொருள் தெரியாது.

பருத்தி வியாபாரி வீடு எப்படி இருக்கும்? முன்கூடத்தில் பொதி. நடுக்கூடத்தில் பொதி. ஏறி உட்கார்ந்தால் பொதி, இறங்கி நின்றால் பொதி. ஒரு தீப்பொறி போதும்.

உலகம்மை சாமி கும்பிட்டுவிட்டு யோசித்தாள். 'கடவுளே, நீ காப்பாற்றுவாய். ஆனால் புறவாசலுக்கு நான்தானே நடக்க வேண்டும்?' என்று நினைத்து மூன்று ஏற்பாடு செய்தாள்.

தலைமாட்டில் ஒரு பானைத் தண்ணீரும் ஒரு துணியும் வைத்தாள், புகை வந்தால் நனைத்து மூக்கில் கட்ட. புறவாசல் நிலையில் ஒரு சின்ன மணியைக் கட்டினாள், காற்றில் அது கிணுகிணுத்தால் வாசல் இருக்கும் திசை தெரியுமே என்று. நடுக்கூடத்துச் சுவர் ஓரத்தைக் காலியாக வைக்கச் சொன்னாள், கையால் தடவிக்கொண்டே போக.

அவ்வளவுதான் கேட்டாள். அதிகமா, சொல்லுங்கள்?

முதல் வாரம், பானையைக் காணோம்.

"ஏலே ஆதிமூலம், பானை எங்கே?"

"கன்னுக்குட்டிக்குத் தண்ணி வச்சேன் அத்தை. உங்களுக்கு எதுக்குப் பானை? நாங்க இருக்கோமே!"

இரண்டாவது வாரம், மணியைக் காணோம்.

"ஏட்டி காந்திமதி, மணி எங்கே?"

"கன்னுக்குட்டி கழுத்துல கட்டிட்டேன் மதினி. எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா? உங்களுக்கு எதுக்கு மணி? நாங்க இருக்கோமே!"

மூன்றாவது வாரம், சுவரைத் தடவிப் போனவள் நெற்றியில் பொதி இடித்தது.

"ஏலே பூதலிங்கம், இது என்னது?"

"புதுச் சரக்கு அக்கா. வேற இடம் இல்லை. உனக்கு எதுக்குச் சுவரு? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நாங்க இருக்கோமே!"

நாங்க இருக்கோமே, நாங்க இருக்கோமே, நாங்க இருக்கோமே. கேட்டுக் கேட்டு உலகம்மைக்குக் காது புளித்துப்போயிற்று. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாசமான ஜனம்தான். அதுதான் பெரிய எரிச்சல். கெட்டவர்களையாவது திட்டிவிடலாம்.

நகர்த்த முடியாதது எது என்று யோசித்தாள். பானையை நகர்த்துவார்கள், மணியை நகர்த்துவார்கள், சுவரை மறைப்பார்கள். தரையை என்ன செய்வார்கள்?

உடைந்த கரண்டிக் காம்பை எடுத்தாள். தன் கட்டில் காலில் தொடங்கி நடுக்கூடம் வழியாகப் புறவாசல் படி வரைக்கும், மண் தரையில் சுண்டுவிரல் ஆழத்துக்கு ஒரு கோடு கீறினாள். புதன், வியாழன் இரண்டு நாள் ஆயிற்று. முழங்கால் தேய்ந்தது. முடித்துவிட்டு அந்தக் கோட்டில் கால் கட்டைவிரலை வைத்து நடந்து பார்த்தாள். நேராகப் புறவாசலுக்கே போய்ச் சேர்ந்தாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி எத்தனை நாள்? வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெள்ளிக்கிழமை காந்திமதி வீடு மெழுகினாள். நல்ல கெட்டிச் சாணி. கோடு மூடிப்போயிற்று.

"ஏட்டி, என் வழியை மூடிட்டியே!"

"வெள்ளிக்கிழமை மெழுகாம விடலாமா மதினி? தரையில கோடு கிடந்தா லட்சுமி அது வழியா வெளியே போயிருவா."

"லட்சுமி போனா போகட்டும், நான் போக வழி வேணுமே!"

காந்திமதி சிரித்தாள். உலகம்மை சிரிக்கவில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டைச் சில்லை எடுத்து உட்கார்ந்து, சாணியைச் சுரண்டி எடுத்தாள். செவ்வாய்க்கிழமை மெழுகினால் மறுநாள் சுரண்டுவாள். வெள்ளிக்கிழமை மெழுகினால் சனிக்கிழமை சுரண்டுவாள். ஒருத்தி மெழுக, ஒருத்தி சுரண்ட, ஆறு மாதம் இப்படியே போயிற்று. கல்லுக்குக்கூடக் கோபம் வரும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. காந்திமதி விடியலில் வீட்டை மெழுகி, உச்சிப்பொழுதில் சாம்பிராணி போட்டாள். மூலை முடுக்கெல்லாம் புகை காட்டினாள். முன்கூடத்தில் தூபக்காலை உயரத் தூக்கியபோது ஒரு கங்கு தெறித்துப் பொதிக்குள் விழுந்தது.

பருத்தி உடனே எரியாது. உள்ளுக்குள்ளே புகையும். வீடெல்லாம் புகை. எல்லாரும் சாம்பிராணி என்றே இருந்துவிட்டார்கள். தீ மேலே எட்டிப் பார்த்தபோதுதான் அலறினார்கள்.

பூதலிங்கம் தராசைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காந்திமதி குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆதிமூலம் கன்னுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு ஓடினான். தெருவில் நின்று மூச்சு வாங்கினார்கள். பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அக்கா எங்கே?"

"நீங்க கூட்டிட்டு வரலையா?"

"நீ பக்கத்துல இருந்தியே, நீ கூட்டிட்டு வருவேன்னு நினைச்சேன்."

"நான் ஆதிமூலம் கூட்டிட்டு வருவான்னு..."

"நான் அம்மா கூட்டிட்டு வருவாங்கன்னு..."

முன்கூடம் முழுக்கத் தீ. உள்ளே போக வழியில்லை.

உள்ளே உலகம்மை கட்டிலை விட்டு எழுந்தாள். புகையில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. தலைமாட்டில் தடவினாள், பானை இல்லை. காதைக் கொடுத்தாள், மணி இல்லை. சுவரைத் தொட்டாள், பொதி. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்தாள். புகை மேலேதான் நிற்கும், கீழே கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

கோட்டைத் தேடினாள். கோடு இல்லை. காலையில்தான் மெழுகியிருக்கிறதே! தரை வழுவழுவென்று ஒரே மாதிரி கிடந்தது.

"படுபாவி, இன்னைக்கா மெழுகணும்!" என்று பல்லைக் கடித்தாள். ஒரு வார்த்தை கடவுளைக் கூப்பிட்டாள். உள்ளங்கையைத் தரையில் பரப்பி மெல்லத் தேய்த்தாள்.

ஓர் இடத்தில் கை குளிர்ந்தது.

மேலே பூசிய சாணி வெயிலுக்குக் காய்ந்துவிட்டது. கோட்டுக்குள் இறங்கிய சாணி கெட்டியாய் நிறைந்து இன்னும் காயவில்லை. ஈரமாய், குளிர்ச்சியாய், விரல் வைத்தால் உள்ளே இறங்குகிற மாதிரி இருந்தது.

உலகம்மை அந்தக் குளிர்ச்சியைப் பிடித்துக்கொண்டாள். மண்டியிட்டுத் தவழ்ந்தாள். நடுவழியில் கோடு ஒரு பொதிக்கு அடியில் போய் மறைந்தது. பொதியைச் சுற்றித் தடவி அந்தப் பக்கம் வந்தாள். மறுபடி குளிர்ந்தது. இன்னும் நாலு முழம். இன்னும் இரண்டு முழம். படி கையில் தட்டியது. வெயில் முகத்தில் அடித்தது.

மூன்று பேரும் சந்து சுற்றிப் புறவாசலுக்கு ஓடிவந்தபோது, அவள் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். கை முழங்கை வரைக்கும் சாணி. காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"அழுகையை நிறுத்துங்க. முதல்ல ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க" என்றாள். குடித்து முடித்துக் கேட்டாள்: "நாங்க இருக்கோம், நாங்க இருக்கோம்னீங்களே, எங்கே இருந்தீங்க?"

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டு, "வாசல்ல இருந்தோம் அத்தை" என்றான்.

"ஆமா. நல்லாத்தான் இருந்தீங்க."

வீட்டை மறுபடி கட்டியபோது, தரை போட வந்தவரிடம் கட்டிலிலிருந்து புறவாசல் வரைக்கும் ஒரு கோடு கீறச் சொன்னது காந்திமதிதான். வெள்ளிக்கிழமை மெழுகும்போது அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெழுகுவாள். பூதலிங்கம் புதுப் பொதி வந்தால், "இதை எங்கே வைக்கட்டும் அக்கா?" என்று கேட்பார். அவளும் எரிச்சல் குறையாமல், "எங்கேயாவது வை, வச்ச இடத்தை என்கிட்டே சொல்லு" என்பாள்.

கண் மங்கியவர் ஆபத்துக்கென்று தானே செய்து வைத்த ஏற்பாட்டைக் கலைக்காமல் இருப்பதுதான், 'நாங்கள் இருக்கிறோம்' என்று ஆயிரம் முறை சொல்வதைவிடப் பெரிய பாசம்.

இவ்வளவு நேரம் கேட்டீர்களே, ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் கண் மங்கியவர் யாராவது இருந்தால், இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதாவது ஒன்று என்றால் எந்த வழியாக வெளியே போவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற வழியில் கண்ணை மூடிக்கொண்டு நீங்களும் ஒரு தடவை நடந்து பாருங்கள்.