புளி போட்டுத் துலக்கிய கோழிக்காசு

இது நான் நேரில் பார்த்ததில்லை. திருச்சியில் நாணயக் கண்காட்சி நடக்கும் மண்டபத்தில் டீ விற்பவர் சொன்னது. அவருக்கே நிச்சயமில்லாத இடங்களை விட்டுவிட்டேன்.

பெரியநாயகம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய நாணயம் விற்கும் ஜெசிந்தாவிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்து மூன்று.

முதல் நாளே கேட்டார். "டீச்சர், இந்தக் காசுக்கு ஒரு டீகூட வாங்க முடியாது. அப்புறம் இதுக்கு விலை எங்கேருந்து வருது?"

"டீ ஆறுது. குடிங்க அண்ணே."

அவ்வளவுதான் பதில்.

சில மாதம் கழித்து ஜெசிந்தா அவரிடம் அயர்லாந்தின் பழைய பென்னி ஒன்றைக் கொடுத்தார். 1940ஆம் ஆண்டுக் காசு. அந்த நாட்டிலேயே செல்லாமல் போய்ப் பல காலமாயிற்று. ஒரு பக்கம் யாழ், மறுபக்கம் குஞ்சுகளோடு ஒரு கோழி. வெண்கலம் கருத்துக் கருப்பட்டி நிறமாகியிருந்தது. அந்த ஆண்டுக் காசு அதிகம் தேயாமல் கிடைப்பது அரிது. அதைக் கண்காட்சியில் அவரே விற்றுக் காட்டினால் அடுத்த முறை அவருக்குத் தனி மேசை என்றார்.

தனி மேசை! பெரியநாயகம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

கண்காட்சிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. மனைவி துலக்கிய குத்துவிளக்கு பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் காசு அழுதுவடிந்தது. பெண் பார்க்க வரும் நாளில் பெண்ணை முகம் கழுவாமலா உட்கார வைப்பார்கள்? மீதமிருந்த புளியை எடுத்துத் தேய்தேயென்று தேய்த்தார். கோழி தங்கமாக ஜொலித்தது.

மறுநாள் அந்தக் காசுக்காகவே ஒரு பல் டாக்டர் வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"குளிப்பாட்டினீங்களா?"

"புளி போட்டே தேய்ச்சேன் சார்," என்றார் பெரியநாயகம் பெருமையாக.

டாக்டர் பிடுங்கிய பல்லை வைப்பதுபோல் காசைத் தட்டில் வைத்தார். காலம் போர்த்திய நிறத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள், அதை உரித்துவிட்டால் விலையும் போச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெசிந்தா காசைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

பெரியநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த நிறம் திரும்ப வருமா டீச்சர்?"

"வரும்."

"என்ன போட்டா வரும்?"

"ஒண்ணும் போடக் கூடாது. பையில வச்சுக்கிட்டு உங்க பாட்டுக்கு நடமாடுங்க."

"எத்தனை நாளாகும்?"

"நாளா? வருஷம் அண்ணே."

"எனக்கு அறுபத்து மூணு ஆச்சு."

ஜெசிந்தா காசை அவர் சட்டைப் பையில் போட்டார். அட்டையை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினார். அப்போதுதான் வந்த டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

"டீ ஆறுது. குடிங்க அண்ணே."

பெரியநாயகம் டம்ளரிலிருந்து எழும் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார்.

இது நடந்து இரண்டு வருடம் கழித்து, டீக்காரர் சொன்னதைச் சரிபார்க்க அந்தக் கண்காட்சிக்குப் போனேன். பெரியநாயகத்துக்குத் தனி மேசை இருந்தது. காசைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார், விற்பனைக்கில்லை என்றார். கோழி மறுபடி கருத்துவிட்டிருந்தது. ஒரு குஞ்சின் காலடியில் மட்டும் இன்னும் கொஞ்சம் மினுக்கு.