மெல்லப் பேசாத காக்கை

இந்தக் கதையை நான் நேராகக் கேட்கவில்லை. சீனமொழி படித்த விடுதித் தோழி சொன்னது. அவளும் யாரிடமோ கேட்டதுதான். ஒன்றிரண்டு இடம் பிசகியிருக்கலாம்.

பறவைகளுக்குப் பேச்சும் அரசும் இருந்த அந்தக் காலத்தில், சீன நாட்டுக் காக்கைகளுக்குத்தான் எல்லாரிலும் இனிய குரல். சியாவூ என்ற காக்கைக்குக் கண் தெரியாத தாய் ஒருத்தி இருந்தாள். மகன் குரலைக் கேட்டால்தான் அலகைத் திறப்பாள்.

அந்த வருடம் மழை இல்லை. அரசனான ஃபெங் பறவையோ, இறந்துபோன தகப்பனுக்குப் பெரிய படையல் வைக்க நினைத்தான். பெற்றோரைப் பேணுவதுதான் கன்பூசியஸ் காட்டிய அறம் என்று முரசறைந்தார்கள். அறைந்த கையோடு கூடு கூடாகத் தினையை வழித்துக்கொண்டு போனார்கள். சியாவூவின் கூட்டில் ஒரு மணி மிஞ்சவில்லை.

அவன் அரண்மனைக்குப் போனான். மந்திரியான நாரை வாசலிலேயே நிறுத்தினார். பெரியவர்கள் தவறினால் எடுத்துச் சொல்லலாம், தடையில்லை. ஆனால் தலை தரையில் பட, மெல்லச் சொல்ல வேண்டும் என்றார். சியாவூ அப்படியே சொன்னான். அரசன் காதில் விழவில்லை. மறுநாளும் போனான். இன்னும் கொஞ்சம் மெல்ல என்றார் நாரை.

மூன்றாம் நாள் தாய்க்குத் தலை நிற்கவில்லை. சியாவூ குனியவில்லை. அரண்மனை முற்றத்து மரத்தின் உச்சியில் ஏறிக் கத்தினான்.

"செத்த அப்பனுக்கு மலை மலையாகச் சோறு. உயிரோடு இருக்கிற என் அம்மாவுக்கு ஒரு வாய் இல்லை. இதுவா நீங்கள் படித்த அறம்?"

"மரியாதை, தம்பி, மரியாதை" என்றார் நாரை கீழிருந்து.

"மூன்று நாளாக அதைத்தானே ஐயா அவளுக்கு ஊட்டுகிறேன். இறங்க மாட்டேன் என்கிறது."

தொண்டை கிழிந்து ரத்தம் வந்தது. அவன் நிறுத்தவில்லை. சத்தம் கேட்டுப் பறவைகள் கூடின. கூட்டத்தைக் கண்டு மிரண்ட அரசன் களஞ்சியத்தைத் திறக்கச் சொன்னான்.

அள்ளிவந்த தினையைக் கூட்டில் வைத்து, "அம்மா" என்றான் சியாவூ.

தாய் அலகை இறுக மூடிக்கொண்டாள். "யாரப்பா நீ? என் பிள்ளை குரல் இப்படி இருக்காது."

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. அவன் பேசப் பேசக் குரல் இன்னும் கரகரத்தது. தினை பக்கத்திலேயே இருக்க, பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

அரசன் அவனுக்கு 'உத்தம மகன்' என்று பட்டம் எழுதி அனுப்பினான். சியாவூ அதைக் காலால் கிழித்துப் போட்டுவிட்டு, நேராக அரண்மனைக் கூரைக்குப் போய் உட்கார்ந்து மறுபடி கத்த ஆரம்பித்தான்.

அன்று முதல்தான் காக்கைக்கு இந்தக் குரல். யார் வீட்டு வாசலானாலும் அது மெல்லப் பேசுவதில்லை.

பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். சியாவூவைப் பற்றி எங்கும் இல்லை. ஆனால் பழைய சீன அரசில், அதிகாரிகளின் தவறுகளைக் கண்டு சொல்லவென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அதை 'காக்கை மேடை' என்று அழைத்திருக்கிறார்கள். அது உண்மை.